முப்பத்தொரு ‘சூப்பர்’

நான் சொந்தக்காரர்களை நம்பிக் கம்பெனி ஆரம்பித்தவள். அவர்கள் பணத்தை நம்பி அல்ல (அது யாரிடமும் இல்லை). அவர்கள் பாராட்டை நம்பி. மென்பொருள் தொழில் தொடங்கப்போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வந்தால், என் சித்தப்பா சேவியருக்கு வந்த ஒரு போன் அழைப்பைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருவொற்றியூரிலிருந்து தினமும் ஊரின் அந்தக் கோடிக்குப் போய் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ‘ஷிஃப்ட் தோழன்’ என்று ஓர் ஆப் எழுதினேன். எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கானது. வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, கருத்துப் பெட்டி என்று பதினான்கு வசதிகள். பிறந்த நாளன்று திரையில் பலூன் பறக்கும். (அந்தப் பலூனுக்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது. மேலே போகச் சொன்னால் பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது.)

அந்த ஆறு மாதத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில்கூடப் போய் நின்றதில்லை. எதற்கு நிற்க வேண்டும்? எங்கள் குடும்பமே ஷிஃப்ட் குடும்பம். ராயபுரத்தில் பாதிப் பேர் துறைமுகம், மீதிப் பேர் ரயில்வே. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவர்களை மாதா கோயில் வாசலிலேயே மடக்கி, போனைப் பிடுங்கி, ஆப்பை ஏற்றிவிட்டேன். முப்பத்தொரு பேர். அடுத்த வாரம், “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். முப்பத்தொரு பேரும் “சூப்பர்” என்றார்கள். கிரேன் ஓட்டும் சேவியர் சித்தப்பா ஒருபடி மேலே போய், “இன்னா மூள பாப்பா உனுக்கு! நம்ம வூட்ல இப்டி ஒரு ஆளா!” என்று கண்கலங்கினார். நானும் கலங்கினேன்.

யார் எப்போது ஆப்பைத் திறந்தார்கள் என்று பார்க்கிற வழி என் லேப்டாப்பிலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். பயம் என்று இப்போது தெரிகிறது.

எர்ணாவூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் பேச நேரம் கிடைத்தது. பணியாளர் பிரிவு அதிகாரி வசந்தா மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். நான் லேப்டாப்பில் பத்தொன்பது படங்கள் போட்டுப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். பலூனுக்கு லேசாகச் சிரித்தார். (விற்றுவிட்டது என்றே முடிவு கட்டினேன்.)

“யூஸ் பண்ற ஒருத்தர்கிட்ட நான் பேசலாமா?” என்றார்.

யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. நானாகவே, “தாராளமா மேடம்” என்று சித்தப்பாவின் எண்ணைக் கொடுத்தேன். இருந்ததிலேயே பெரிய சூப்பர் அவருடையதுதானே. மேடம் மேசைப் போனில் ஸ்பீக்கரைப் போட்டு அழைத்தார்.

“சேவியர் சாருங்களா? ஒரு ஆப் விஷயமா...”

“லோனெல்லாம் வாணாம்மா.”

“லோன் இல்ல சார். ஸ்டெல்லா பண்ணின ஆப்.”

“அதா! செமையா கீதும்மா! ரொம்ப யூஸ்புல்லு!”

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

“எதுக்கு சார் யூஸ் பண்றீங்க?”

“எல்லாத்துக்கும்தான்.”

“கடைசியா எப்போ தொறந்தீங்க?”

துறைமுகத்து இரைச்சலுக்கு நடுவே சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “இன்னாம்மா, இப்டி மடக்கறே. கொழந்த வேலைய வுட்டுட்டு ஆறு மாசமா அதுலயே குந்திகினு கீது. நல்லால்லன்னு எப்டி சொல்றது? போன்ல எடம் இல்லன்னு அன்னிக்கே எடுத்துட்டேன். சொன்னா அது மூஞ்சி வாடிப்பூடும். நீ அதுங்கிட்ட சொல்லிடாதம்மா, இன்னா?”

“சொல்லல சார்” என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். பத்தொன்பது படங்களையும் மூடிவைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் ஆட்டோ இல்லை. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. பஸ் நிறுத்தத்தில் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். பெயர் தேவி.

“இன்டர்வியூவாக்கா? வாணாம்னுட்டாங்களா?”

ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை.

“வுடுக்கா. இங்க வேல கூட பரவால்ல. வேன்தான் பேஜாரு.”

என்ன வேன் என்று கேட்டேன். வேலைக்கு ஏற்றிப்போக வீட்டுப் பக்கம் வரும் கம்பெனி வேனாம். ஒரு நாள் சீக்கிரம் வந்துவிடும், ஒரு நாள் லாரி நெரிசலில் மாட்டிக்கொள்ளும். முன்னால் போனால் வெயிலில் புழுதி தின்றுகொண்டு நிற்க வேண்டும். பின்னால் போனால் வேன் போயிருக்கும். டிரைவர் வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார்.

“வேன் எங்க வருதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவே?”

தேவி யோசிக்கவே இல்லை. “புள்ளைக்கு ரெண்டு வாய் சோறு ஊட்டிட்டு வருவேன்.”

பதினான்கு வசதிகளையும் மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். வேன் எதிலும் இல்லை. பிறந்த நாளுக்குப் பலூன் இருந்தது.

அன்று சாயங்காலம் சித்தப்பா வீட்டுக்கு வந்தார், கையில் ஸ்வீட் டப்பாவுடன். “பாப்பா, ஒரு அம்மா போன் பண்ணுச்சு. சும்மா பிச்சு வுட்டேன்!”

“நான் பக்கத்துலதான் இருந்தேன் சித்தப்பா.”

டப்பாவைக் கீழே வைத்தார். போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். ‘பூகம்பம் வந்து பூமி பிளக்காதா’ என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. பிறகு மெதுவாக, “அந்த எழுத்து கண்ணுக்கே தெரியல பாப்பா” என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் குறை சொன்னார். ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான தகவல் அதுதான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு வாரம் எர்ணாவூர் முதல் மீஞ்சூர் வரை வேன் நிறுத்தங்களில் நின்றேன். ஆப்பை யாருக்கும் காட்டவில்லை. நேற்று என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். பதின்மூன்று வசதிகளைத் தூக்கிப் போட்டேன். மிச்சமிருந்த ஒன்றையும் மாற்றி எழுதினேன். ஒரே திரை: வேன் எங்கே, வர எத்தனை நிமிடம், எழுத்து பெரிதாக. வசந்தா மேடத்திடம் மறுபடி போனபோது படங்கள் எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரே ஒரு வேனில் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டார். இரண்டாவது வாரம் ஒரு காலை ஆப் படுத்துக்கொண்டது. ஏழு மணிக்குள் பதினெட்டுப் பேர் என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டினார்கள். அன்றைக்குத்தான் எனக்குத் தொழில் இருக்கிறது என்று நம்பினேன்.

இப்போது வண்ணாரப்பேட்டையில் மாடியில் ஓர் அறை, நான்கு பேர். பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. யோசனை கேட்டு வருகிறவர்களிடம், நல்லாயிருக்கா என்று யாரையும் கேட்காதே, கடைசியாக எப்போது திறந்தாய் என்று கேள் என்பேன். உன்மேல் பிரியம் உள்ளவர்களிடம் கேட்பதானால், உண்மை சொன்னாலும் நீ உடைந்துபோக மாட்டாய் என்று முதலில் காட்டு. சித்தப்பா பொய் சொன்னது என் முகத்தைப் பார்த்துத்தான். அந்த முகத்தை வைத்திருந்தது நான்.

ஆனால் சித்தப்பாவுக்கு அதன்பிறகு ஒன்று ஆகிவிட்டது. இனிமேல் யாருக்கும் சும்மா ‘சூப்பர்’ சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். போன மாதம் என் தங்கையின் நிச்சயதார்த்தத்தில், விருந்து போட்ட மாப்பிள்ளையின் அப்பா பந்தியில் அவர் பக்கம் குனிந்து, “பிரியாணி எப்படிங்க?” என்று கேட்டார். சித்தப்பா கையை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்து, “உண்மைய சொல்லவா?” என்றார்.

அவர் வாயைப் பொத்த எங்கள் குடும்பம் மொத்தமும் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டது.