உங்கள் தங்கையின் இதயம் சம்பந்தமாக

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குடும்பத்தில் பாதிப் பேராவது நிம்மதியாக இருக்கட்டும்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். உங்களுக்குத் தெரியாததா மச்சான், எங்கள் வீட்டில் ரகசியம் பேச முடியுமா? உங்கள் தங்கைக்குக் காது கேட்காதே ஒழிய, கூடத்தின் மறுகோடியில் இருந்தே என் உதட்டைப் பார்த்து வார்த்தை வார்த்தையாகப் படித்துவிடுவாள். திரும்பி நின்று பேசினால் எழுந்து வந்து முன்னால் நிற்பாள். பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்து ஊருக்கெல்லாம் கூவி ஓய்வு பெற்றவன் நான், சொந்த வீட்டில் குசுகுசுக்க வழியில்லை. மெசேஜ் அனுப்பலாம் என்றால் பாதி நேரம் என் போன் அவள் கையில்தான் இருக்கிறது. அதனால் மின்சார ஆபீசுக்குப் புகார் எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். மதிய பஸ் டிரைவர் நம்ம ஆள், உங்கள் கடையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கைக்கு இதயத்தில் ஏதோ பெரிய கோளாறு. அதை என்னிடம் மறைக்கிறாள்.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். கொஞ்ச காலமாக அவளுக்குத் திடீர் திடீரென்று உடம்பெல்லாம் காந்தும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும். நான் ஃபேனைச் சந்தேகப்பட்டேன். ஃபேனை மாற்றியாயிற்று, படபடப்பு போகவில்லை. தெருமுனை டாக்டர் அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார். அப்போது அவள் வேலை பார்க்கும், பல்செட் செய்கிற கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஆராய்ச்சி நடக்கிறதாம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு ஒரு ஹார்மோன் குறைந்துபோகிறதாம், அது குறைந்தால் ரத்தக்குழாய் விறைத்து இதயத்துக்குக் கெடுதல் வருகிறதா என்று பார்க்கிறார்களாம். இத்தனை காலம் போனில் கேள்வி கேட்டே ஆராய்ச்சி பண்ணினதால் காது கேட்காத ஒருத்திகூட அதில் இல்லையாம், இப்போதுதான் ஞானம் வந்து அவர்களைத் தேடுகிறார்களாம். இவள் வீட்டுக்கு வந்து "நான் போறேன்" என்று கை காட்டினாள். போகட்டுமா என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம்.

சரி, நான்தான் கூட இருக்கிறேனே என்று நானும் கிளம்பினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து டாக்டர், வங்கி, பக்கத்து வீட்டுச் சண்டை, எல்லா இடத்திலும் அவளுக்குக் காதும் வாயும் நான்தான். அதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. எதிராளி சொல்வதில் வேண்டியதை மட்டும் அவளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், வேண்டாததை வழியிலேயே இறக்கிவிடுவேன். அன்றைக்கு ஆராய்ச்சி டாக்டரம்மா, மாரடைப்பு பெண்களுக்குச் சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல் வரும், தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், தலை சுற்றும், அசட்டையாக இருந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று பேசிக்கொண்டே போனார். நான் "எண்ணெயைக் குறைச்சுக்கோ" என்று கை காட்டினேன். உங்கள் தங்கை நாள் முழுக்க ஊரார் பல்லைச் செதுக்குகிறவள், யாராக இருந்தாலும் வாயைத்தான் பார்ப்பாள். டாக்டரம்மாவின் வாய் அத்தனை நேரம் அசைந்ததையும் என் கை துளியூண்டு அசைந்ததையும் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். டாக்டரம்மாவும் விடவில்லை.

"ஐயா, நான் இவ்வளவு நேரம் பேசினேன். நீங்க கையை ஒரு ஆட்டு ஆட்டி முடிச்சிட்டீங்களே, மீதி எங்க?"

"அவ பயந்துடுவாம்மா."

"பயப்படலாமா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். அடுத்த தடவை எங்க மொழிபெயர்ப்பாளர் இருப்பாங்க. நீங்க வெளியில உட்காருங்க."

நான், வெளியில். மாப்பிள்ளைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்தீர்களா?

அதோடு விட்டார்களா? அவள் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்யுமாம், ஒயர் கழன்றால் பீப் பீப் என்று கத்துமாம். யாருக்குக் கேட்க மச்சான்? நான் கேட்டபோது டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, அதிர்ந்து காட்டுகிற பெட்டி இன்னும் வந்து சேரவில்லை என்றார். ஆக, பெட்டிக்குக் காது நான். அவள் அடுப்படிக்குப் போனால் நானும் அடுப்படி, அவள் பஸ் ஏறினால் நானும் பஸ். பல்செட் கூடம் மேல்மாடியில் இருக்கிறது. அவள் பின்னாலேயே படியேறி, தேய்க்கிற மெஷின் இரைச்சலில் காதைத் தீட்டிக்கொண்டு, சிரிக்கிற பல்வரிசைகளுக்கு நடுவே நின்றேன். மூச்சு வாங்கியது, முதலாளி பார்த்துவிட்டு நாற்காலி போட்டார். இடது கை வேறு தோளிலிருந்து குடைய ஆரம்பித்தது. இத்தனை வருஷம் கையாலேயே பேசினால் வலிக்காமல் என்ன செய்யும்? தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். அவள் கையில் எடுத்த பல்லை அப்படியே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையைப் பார் என்று சைகை காட்டினேன்.

நேற்று முடிவு சொல்கிற நாள். கண்ணாடிக் கதவு, நான் வெளியே. உள்ளே டாக்டரம்மாவும் மொழிபெயர்ப்புப் பெண்ணும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிரே கதவைப் பார்த்தபடி உங்கள் தங்கை. அதாவது அவர்கள் சொல்வது ஒன்றும் எனக்குத் தெரியாது, அவள் சொல்வது மட்டும் தெரியும். முதலில் தலையாட்டினாள், சிரித்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகு அவளாகவே ஏதோ ஆரம்பித்தாள். சிரிப்பு போய்விட்டது. "படியேறினா மூச்சு வாங்குது" என்றாள். எனக்குத் திக்கென்றது, அவளுக்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததே இல்லை. எத்தனை நாளாக என்று கேட்டிருப்பார்கள் போல, "வெயில் காலத்திலிருந்தே" என்றாள். அடுத்து நெஞ்சில் கைவைத்து, "அடைப்பா இருக்குமா?" என்றாள். அந்தப் பெண்ணின் தோள் மட்டும் அசைகிறது, என்ன பதிலோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "உயிருக்கு ஆபத்தா?" என்றாள். கண்ணைத் துடைத்தாள். அப்புறம் கதவுப் பக்கம், என்னைக் காட்டி, "இப்போ சொல்லாதீங்க, பயத்திலேயே ஏதாவது ஆயிடும். எங்க அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடறேன்" என்றாள்.

நான் எழுந்து கதவைத் தள்ளினேன். அசையவில்லை. பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். அங்கே நின்ற காவலாளி, "ஐயா, அது இழுக்கிற கதவு. ஆனா இழுக்காதீங்க, உள்ள பேசிட்டிருக்காங்க" என்று என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். அவள் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு. என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "எல்லாம் நல்லா இருக்கு. இன்னொரு தடவை வரணும், அப்போ நீங்களும் உள்ள வரலாம்" என்றாள். இத்தனை நாள் வெளியே உட்கார வைத்தவர்கள் இப்போது எதற்காக என்னை உள்ளே கூப்பிடுகிறார்கள்? கெட்ட செய்தி சொல்லத்தானே? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நடுத்தெருவில் கையைப் பிடிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவள் இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது மச்சான், சொல்லுங்கள். வாய் திறந்து பேசாத வீடுதான், ஆனால் நாள் முழுக்க அவளோடு பேசிக்கொண்டே இருந்து பழகிவிட்டேன். ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அண்ணன் என்ற முறையில் அவளைக் கண்டித்து, ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுக்கச் சொல்லி, இனிமேல் அவள் உடம்பைப் பற்றி எதுவானாலும் என் மூலமாகத்தான் பேசவேண்டும் என்று டாக்டரம்மாவுக்குக் கறாராகச் சொல்லிவிட வேண்டியது. அந்த மொழிபெயர்ப்புப் பெண்ணை வேறு வேலை பார்க்கச் சொல்லவும். நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் கடையில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், அப்படியே பெரியவர்கள் உடம்பையும் கவனிக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: மேலே உங்கள் நலம் விசாரித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டில் என்னுடையது.

கடிதத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் புறப்பட்டேன். உங்கள் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்து, "மின்சார ஆபீஸ் அப்புறம்" என்று வண்டியில் ஏற்றி நேரே இங்கே கொண்டுவந்துவிட்டாள். அவள் இதயம் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஹார்மோன் குறைந்திருக்கிறது, படபடப்பு அதனால்தான், ரத்தக்குழாய்களுக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சொல்லி அழுததெல்லாம் என் கதை. மூச்சு வாங்குவது நான், இடது கையைத் தேய்ப்பது நான். டாக்டரம்மா உடனே கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், இவளோ நான் பயந்துவிடுவேன் என்று ராத்திரி முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்று காலையில் கிளப்பினாள். ஒயரை ஒட்டுவதற்காக நர்ஸ் என் சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தபோது கடிதம் கீழே விழுந்தது. நிதானமாகப் படித்து முடித்து, "மின்சார ஆபீசுக்கு இவ்வளவு பாசமா எழுதுவீங்களா?" என்றாள்.

எனக்கு ரத்தக்குழாயில் அடைப்பு, ஒன்றுக்கு மேல். இதய டாக்டர் என் தலைமாட்டில் நின்று விளக்கமாகச் சொன்னார். என் காது நன்றாகத்தான் இருக்கிறது மச்சான், ஆனால் ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. மொழிபெயர்ப்புப் பெண் அதை உங்கள் தங்கைக்குச் சொல்ல, உங்கள் தங்கை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் வீட்டுச் சைகையில் எனக்குச் சொன்னாள். அப்போதுதான் புரிந்தது. நாளைக் காலையில் கை நரம்பு வழியாகக் குழாய் விட்டு அடைப்பை எடுப்பார்கள், அதில் முடியவில்லை என்றால் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும், சில பேர் பிழைப்பதில்லை. இதையும் சொன்னாள். நானாக இருந்தால் இதை வழியிலேயே இறக்கிவிட்டிருப்பேன். அவள் ஒன்றையும் விடவில்லை. பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரிகிறது.

நீங்கள் இன்றைக்கே வரவேண்டும். அவளைக் கண்டிக்க வேண்டாம். அந்த மொழிபெயர்ப்புப் பெண் ஆராய்ச்சிக்காக மட்டும் வருகிறவள், நாளைக்கு வேறு ஊரில் வேலையாம். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன், இதயப் பிரிவில் அப்படி ஆள் கிடையாது என்கிறார்கள். நெஞ்சைத் திறக்கலாமா வேண்டாமா என்று உள்ளே பாதி வேலையில் வெளியே வந்து வீட்டாரைக் கேட்பார்களாம். முகமூடி போட்ட யாரோ கதவைத் திறந்து கூப்பிடுவார்கள், வாயும் தெரியாது, அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். மாலை பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அதே பஸ் திரும்பும்போது ஏறிவிடுங்கள். அவள் பக்கத்தில் உட்காருங்கள். கூப்பிட்டால் தோளைத் தொடுங்கள். சின்ன வயதில் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட சைகை போதும். அவர்கள் எதைச் சொன்னாலும் அப்படியே அவளிடம் சொல்லிவிடுங்கள் மச்சான், எதையும் குறைக்காதீர்கள். பதிலை அவள் சொல்லட்டும்.