அவரை நறுக்கிய வழக்கு

வேலை விண்ணப்பத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லாதவர்கள் குறைவு. நான் கூட்டிச் சொல்லவில்லை, முழுப் பொய்யே சொன்னேன். ‘தமிழ்: பேச, படிக்க, எழுதத் தெரியும்’ என்று மூன்றுக்கும் டிக் அடித்தேன்.

பேசத் தெரியும். பிறந்து வளர்ந்தது புனேயில், தாபோடியில். தமிழ் வீட்டுக்குள் மட்டும்தான். படிப்பதென்றால் பஸ் போர்டு அளவுக்கு எழுத்துக் கூட்டுவேன் (அந்த பஸ்ஸும் நின்றுகொண்டிருக்க வேண்டும்).

அப்போது சீனியரை விட்டு வந்து தனியாக பிராக்டீஸ் ஆரம்பித்து எட்டு மாதம். கோர்ட் வாசலில் பாதி மேஜை என்னுடையது. மறுபாதி ஒரு நோட்டரியுடையது; வருகிறவர்கள் எல்லாம் அவரைத் தேடியே வந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் விமான் நகர் அலுவலகம் ஒன்றில், வழக்கு ஆவணங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் மூன்று மாத ஒப்பந்த வேலை வந்தது. பிடித்துப்போனால் நீட்டிப்பார்கள். நீட்டித்தால் கறுப்புக் கோட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவது என்றிருந்தேன்.

வழக்கு, கோயம்புத்தூர் பம்பு கம்பெனி ஒன்றின் பங்குதாரர்களுக்குள். மெயில்கள், போன் செய்திகள் என்று மலைபோல் குவிந்திருந்தன, பாதி தமிழில். மூன்றாவது வாரம் இது கண்ணில் பட்டது. அனுப்பியவர் பெயர் இல்லை, எண் மட்டும்.

‘வியாழக்கிழமை பெரியவர் வருகிறார். அவரை நறுக்கித் தயாராக வைக்கவும். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.’

பெரியவர் என்றால் மூத்த பங்குதாரர் என்பது எனக்குத் தெரியும். ஒரு கொலைத் திட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் (உள்ளூர சந்தோஷமும் இருந்தது). முதியவரைத் துண்டு துண்டாக்கச் சதி என்று ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி டீம் லீடரிடம் கொடுத்தேன். நிகில் என்று பெயர், மராத்திக்காரர், தமிழில் ஓர் எழுத்து தெரியாது. படித்தவர் டீயை அப்படியே வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் கட்சிக்காரரின் சென்னை வக்கீல் வீடியோ காலில் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மா. மூலத்தை அப்படியே வாசிக்கச் சொன்னார். தட்டுத் தடுமாறி வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏம்மா, உங்க வீட்ல அவரைக்காய் பொரியல் பண்றதில்லையா?”

எங்கள் வீட்டில் அது அவரக்கா. வாலை வெட்டினால் அதற்கு ‘அவரை’ என்றொரு பெயர் உண்டென்று எனக்குத் தெரியாது. அந்த எண் கம்பெனி கேன்டீன் மேனேஜருடையது என்றார் அந்த அம்மா.

நிகில் என்ன விஷயம் என்று கேட்டார். “கேவ்டா” என்றேன்; மராத்தியில் அவரைக்காய்.

“மத்லப், மர்டர் நஹீ?” என்றார், அப்படியானால் கொலை இல்லையா என்று, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பிறகு அலுவலகத்தின் மானத்தைக் காப்பாற்ற, அந்த அம்மாவிடம் மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேரில்தான் ஏதோ கோளாறு என்று ஆரம்பித்தார். நான் தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் இரண்டு வாரமாக ‘தேவையில்லை’ என்று நான் ஒதுக்கித் தள்ளிய தமிழ்ச் செய்திகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் எது நிஜக் கொலையோ.

“இல்ல மேடம். எனக்குத் தமிழ் சரியா படிக்க வராது, ஃபார்ம்ல பொய் சொல்லிட்டேன். நான் பார்த்த எல்லாத்தையும் வேற யாராவது திரும்பப் பார்க்கணும்.”

“சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா திரையிலிருந்து மறைந்துவிட்டார்.

அந்த வெள்ளியோடு ஒப்பந்தம் முடிந்தது. தனி பிராக்டீஸா, ஒப்பந்த வேலையா என்று மாதக்கணக்காக மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்ததற்கு நான் முடிவெடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பாதி மேஜைக்குத் திரும்பினேன். சாயங்காலங்களில் வீட்டில் என் அம்மாவிடம் தமிழ் படித்தேன் (அவளுக்குப் பொறுமை கிடையாது).

அடுத்த வருடம் சென்னையிலிருந்து போன். “அவரைக்காய் பொண்ணுதானே? புனேல ஒரு கேஸ் இருக்கு. தப்பு பண்ணா தானே சொல்ற ஆள் எனக்கு வேணும்.”

என் முதல் பெரிய வழக்கு அதுதான். இன்றும் வருடத்துக்கு இரண்டு மூன்று அனுப்புகிறார்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. அம்மா அவரக்கா என்று சொல்வதையே விட்டுவிட்டாள். மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், இன்னிக்கு அவரை என்பாள். அப்பா தட்டிலிருந்து நிமிராமல் கேட்பார்:

“எவரை?”