புலியாரின் உயர்கல்வி

ஒரு காட்டில், கடமான் குலத்திற் பிறந்தவரும், பதினோராண்டும் நான்கு திங்களும் அகவை நிரம்பியவரும், சொந்த முயற்சியால் உயிரோடிருப்பவருமாகிய வேங்கைதப்பியார் என்னும் ஆசிரியர், மான்களுக்குப் பள்ளி நடத்தி வந்தார். அவர் கற்பித்த பாடம் ஒன்றே ஒன்று: புலி வந்தால் ஓடு.

அக்காட்டிற்குச் செல்போன் வந்தது. மறுவாரமே மருக்கொழுந்து என்னும் இளமான் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"ஐயா, புலிகிட்டேருந்து தப்பிக்க முந்நூத்திப் பதினேழு வழி இருக்குதாம். நீங்க ஒண்ணுதான் சொல்லியிருக்கீங்க. மீதிய எங்க வெச்சிருக்கீங்க?"

"அந்த ஒண்ணுலதாம்மா நான் இத்தனை வருசம் ஓட்டியிருக்கேன்."

"அது உங்க அனுபவம் ஐயா. ஆதாரம் ஆகாது."

மாணவர் அனைவரும் சிக்னல் நன்கு கிடைக்கும் பாறையருகே குடிபெயர்ந்தனர். பிள்ளைகள் புலிக்கு இரையாவார்களே என்னும் கவலையில் ஆசிரியருக்குப் புல்லும் தொண்டையில் இறங்கவில்லை.

ஒரு நாள் முற்பகலில் உறுமலிங்கம் என்னும் புலியார் புதரை விலக்கிக்கொண்டு பாறையருகே வந்து நின்றார். தொலைவிலிருந்து கண்ட வேங்கைதப்பியார், "ஓடுங்க" என்று கத்திவிட்டு, தம் பாடத்தைத் தாமே கடைப்பிடித்து மூன்று குன்று தாண்டி ஓடினார். மாணவர்களோ, வளைந்து ஓடுவதா, செத்ததுபோல் கிடப்பதா என்று வீடியோவுக்கு வீடியோ தாவி, நின்ற இடத்திலேயே நின்றனர்.

எஞ்சிய எலும்புகளையாவது அடக்கம் செய்வோம் என்று மாலையில் திரும்பிய ஆசிரியர் திகைத்தார். ஒரு வால்கூடக் குறையாமல் எல்லோரும் அங்கேயே இருந்தனர். எதிரே, ஒட்டிய வயிறும் கையில் செல்போனுமாகப் புலியார் அமர்ந்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே. மானைப் பிடிக்கணும்னா கழுத்தைக் கவ்வணும்கிறார் ஒருத்தர். தொடையில அடிக்கணும்கிறார் இன்னொருத்தர். மூணு நாளா பார்க்கிறேன், முடிவுக்கு வர முடியல. பசி வேற. நீங்க படிச்சவரு, எது சரி?"

வேங்கைதப்பியாரின் நான்கு கால்களும் ஓடத் துடித்தன. அவற்றை அதட்டி நிறுத்தினார்.

"ரெண்டுமே பழைய முறை" என்றார் நிதானமாக. "புதுசா நாற்பது வந்திருக்கு. அத்தனையும் பார்க்காம பாயறது படிச்ச புலிக்கு அழகில்லை. நாளைக்குக் காலையில வகுப்புக்கு வாங்க. நோட்டு கொண்டாங்க."

"முன் வரிசையில இடம் கிடைக்குமா?" என்று பணிவோடு கேட்டார் புலியார்.

இவ்வாறாக, மான்களின் உயிர்ப் பிரச்சினை ஆவணித் திங்கள் ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தரை மணிக்கு முறைப்படி தீர்ந்தது.

நீதி: கல்வி உயிரைக் காக்கும், ஆகையால் அதை எதிரிக்கு அளவில்லாமல் வழங்குக.