குளியலறையில் அடித்த பள்ளிக்கூட மணி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே காலுக்கு, என் குடும்பத்தைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்தேன். காரணம், உப்பு.

சாப்பாட்டு மேசையில் நால்வர் அமர்ந்திருந்தோம். நான், என் மனைவி, மின்தூக்கி பழுதுபார்க்கும் என் மகன், மருந்துக் கடையில் பணிபுரியும் என் மருமகள். மருமகளுக்கு உப்பு தேவைப்பட்டது. உப்புக் கிண்ணமோ என் முழங்கைக்கு அருகில் இருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. திடீரென்று மூன்று கைப்பேசிகள் ஒன்றாகச் சிணுங்கின. எடுத்துப் பார்த்தேன். எங்கள் குடும்பக் குழுவில் ஒரு செய்தி: ‘உப்பு ப்ளீஸ்.’ என் மகன் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதுவும் கைப்பேசிக்குள்தான். கிண்ணத்தை எவரும் நகர்த்தவில்லை.

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். அறுபது பேர் கொண்ட வகுப்பை ஒரே கனைப்பில் அடக்கியவன். மூன்று பேரை அடக்க முடியாதா?

கனைத்தேன். மூவரும் நிமிர்ந்தனர்.

“இன்று முதல் இவ்வீட்டில் மாலையில் ஒரு மணி நேரம் எவரும் கைப்பேசியைத் தொடக் கூடாது. எல்லாவற்றையும் பெட்டியில் இட்டுப் பூட்ட வேண்டும். அந்த நேரத்தில் நாம் பேச வேண்டும். வாயால்!”

வீட்டிலும் நான் இப்படித்தான் அறிவிப்பேன். அச்சம் வரும்போது மட்டும் பேச்சு வழக்குக்கு இறங்கிவிடுவேன். அன்று காலை எனக்கு அச்சமே இல்லை.

மகன் தலையைச் சொறிந்தான். மருமகள் அவன் முகத்தைப் பார்த்தாள். மனைவி கைதட்டினாள்.

“ரொம்ப நல்ல யோசனைங்க! ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் வச்சுக்கலாமா? எல்லாரும் வீட்ல இருப்போம்.”

“வைத்துக்கொள்வோம்.”

“சும்மா வாயால சொன்னா நிக்காதுங்க. எழுதி வைங்க. உங்க கையெழுத்துதான் அச்சடிச்ச மாதிரி இருக்குமே.”

கையெழுத்தைப் பாராட்டினால் உருகாத ஆசிரியர் உண்டா? கோடிட்ட முழுத்தாளை எடுத்தேன். விதிகள் பிறந்தன. மூன்றாம் விதியை எழுதியபோது எனக்கே புல்லரித்தது: ‘பெட்டியில் இடுமுன் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியின் ஒலியை அடக்குதல் வேண்டும்.’

“யாராவது ஏமாத்தினா என்னங்க தண்டனை?” என்றாள் மனைவி.

“யார் ஏமாற்றப்போகிறார்கள்?”

“பசங்களைச் சொல்றேன்.”

“ஒரு வாரம் பறிமுதல்!”

“பறிமுதல் பண்ணினது யார்கிட்ட இருக்கும்?”

“கண்காணிப்பாளரிடம்.”

“அது நானே இருக்கேங்க. நீங்க தலைமையாசிரியர் மாதிரி. இந்தச் சில்லறை வேலையெல்லாம் நீங்க பாக்கலாமா?”

தலைமையாசிரியர்! முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் கல்வித்துறை தராத பதவியை, என் மனைவி ஒரு கை துடைக்கும் நேரத்தில் தந்துவிட்டாள். அதை எட்டாம் விதியாகச் சேர்த்தேன். நால்வரும் கையொப்பமிட்டோம். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றும் சிறு பூட்டு ஒன்றும் கிடைத்தன.

பிற்பகல் மூன்று மணிக்குத்தான் எனக்கு உறைத்தது.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். உறுப்பினர்கள் எண்பத்திரண்டு பேர். வேட்பாளர்கள் இருவர்: நானும், ‘பூகோளம்’ என்று நாங்கள் அழைக்கும் முன்னாள் புவியியல் ஆசிரியரும். பாடத்தாலும் வயிற்றாலும் அவர் அப்பெயருக்கு உரியவர். தினமும் காலையில் எல்லோருக்கும் ரோஜாப்பூப் படம் அனுப்புவார். நான் பூ அனுப்புவதில்லை. உறுப்பினர்கள் அனுப்பும் செய்திகளில் உள்ள பிழைகளைத் திருத்தி, அவர்களுக்கே திருப்பி அனுப்புவேன். எண்பது பேரின் தமிழை ஓராண்டாகக் காத்து வருகிறேன். அந்த நன்றி அவர்களுக்கு இருக்காதா?

வாக்குப்பதிவு அடுத்த ஞாயிறு. அதற்கு முன் வேட்பாளர்கள் சங்கத்தின் குழுவில் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு விடையெழுத வேண்டும். அது இன்று மாலை. ஆறிலிருந்து ஏழு வரை!

மனைவியிடம் சென்றேன். மொழி தானாகவே இறங்கியது.

“இன்னிக்கு ஒருநாள் மட்டும் இந்த விதியைத் தள்ளி வச்சா என்னம்மா?”

“கையெழுத்து காயறதுக்குள்ளயா? பசங்க என்னங்க நினைப்பாங்க?”

நியாயம்தான். ஆகவே, சூழ்ச்சியில் இறங்கினேன். அலமாரியில் என் பழைய கைப்பேசி உயிரற்றுக் கிடந்தது. அதற்கு என் கறுப்பு உறையை மாட்டினேன். அசல் போலவே இருந்தது. ஆனால், மூன்றாம் விதி? அரை மணி நேரம் மின்னேற்றி, அதற்கு உயிர் கொடுத்து, அதன் ஒலியை முறைப்படி அடக்கினேன். நேர்மையான ஆசிரியன் விதியை மீறினாலும் விதிப்படிதான் மீறுவான்.

மாலை ஆறு. டப்பாவுக்குள் நான்கு கைப்பேசிகள் இறங்கின. பூட்டு விழுந்தது. சாவி கண்காணிப்பாளரிடம் சென்றது.

“பேசுங்கள்!” என்றேன்.

சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. பிறகு மகன் மெல்லத் தொடங்கினான். “நேத்து லிஃப்ட்ல ஒரு வக்கீல் மாட்டிக்கிட்டாருப்பா. நான் போய்க் கதவைத் திறக்கற வரைக்கும் லிஃப்டு மேல கேஸ் போடப்போறேன்னு லிஃப்டுகிட்டயே கத்திட்டு இருந்தாரு…”

மருமகள் சிரித்தாள். சுவையான கட்டம். அந்த நேரம் பார்த்து நான் எழுந்தேன்.

“வயிறு கொஞ்சம் சரியில்ல.”

குளியலறைக் கதவைத் தாழிட்டேன். குழாயைத் திறந்துவிட்டேன். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்தேன். அசல் கைப்பேசி சட்டைப்பையிலிருந்து வெளிவந்தது. குழுவில் கேள்விகள் குவிந்திருந்தன. ‘சங்கக் கட்டிடத்தில் மின்விசிரி எப்போது ஓடும்?’ முதலில் ‘விசிறி’ என்று திருத்தினேன். பிறகு விடையளித்தேன். விரல்கள் பறந்தன. பூகோளம் திணறிக்கொண்டிருந்தார். வெற்றி என் பக்கம்! வெளியே என் மகன் வயிறு குலுங்கச் சிரிக்கும் ஒலி கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு ஆண்டுகள் இருக்கும். எழுத இடைஞ்சலாக இருந்ததால், குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

சரியாக ஆறரைக்கு மணியடித்தது.

ணங்! ணங்! ணங்!

பள்ளிக்கூட மணி. பணி ஓய்வு பெற்ற நாளில் நானே ஒலிப்பதிவு செய்து, என் அழைப்பொலியாக வைத்துக்கொண்டது. மூன்றாம் விதிப்படி ஊமையாக்கப்பட்டது டப்பாவில் கிடந்தது. என் கையில் இருந்ததோ ஆயிரம் மாணவரை அழைத்தது. நாற்புறமும் ஓடு பதித்த குளியலறை அதை இரண்டாயிரமாக்கியது. பதற்றத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அழுத்தினேன். மணி நிற்கவில்லை.

வெளியே சிரிப்பு நின்றது.

“அப்பா! உள்ள பீரியட் முடிஞ்சுதா?”

“மாமா, அடுத்து என்ன பாடம்?”

கதவைத் திறந்தேன். என் மனைவி ஏற்கெனவே கையை நீட்டியபடி நின்றிருந்தாள். அதே நேரத்தில் எதிர்வீட்டுத் தையற்காரம்மா கைப்பேசியும் கையுமாக வாசலில் எட்டிப் பார்த்தார்.

“அக்கா, மணி அடிச்சுதா? நீங்க சொன்ன மாதிரியே கரெக்டா ஆறரைக்குப் போட்டேன்.”

“அருமையா அடிச்சுது. உள்ள வா.”

“அது வந்து… சும்மா நேரம் பாக்கத்தான்…” என்றேன்.

“பத்து நாளா தூக்கத்துல ‘ஞாயிறு ஆறு மணி, ஞாயிறு ஆறு மணி’ன்னு புலம்பினீங்களே, அந்த நேரத்தையா? இனிமே ஒரு வாரத்துக்கு நேரத்தை நான் சொல்றேன். குடுங்க.”

“தேர்தல் இருக்கும்மா! குழுவுல நான் இல்லன்னா பூகோளம் ஜெயிச்சிருவாரு!”

“குழுவுல நீங்க இருப்பீங்க. கவலைப்படாதீங்க. எட்டாவது விதியை ஒருதடவை வாசிங்க.”

வாசித்தேன். என் கையெழுத்து அச்சடித்தது போலவே இருந்தது.

அந்த வாரம் என் விரல்கள் பட்ட பாடு! பழக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தேன். வேறு வழியின்றி மனிதர்களிடம் பேசினேன். மருமகளின் மருந்துக் கடைக்கு வரும் ஒருவர் மாத்திரையின் நிறம் பிடிக்கவில்லை என்று மாற்றிக் கேட்டாராம். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால், கண் மட்டும் ஜன்னலோர நாற்காலியில் இருந்தது. அங்கே என் மனைவி என் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“என்ன எழுதறே?”

“உங்க பேர்ல நாலு நல்ல வார்த்தை.”

“பிழையில்லாம எழுது!”

“ஒண்ணு ரெண்டு பிழை இருந்தாத்தாங்க மனுஷன்னு நம்புவாங்க.”

அடுத்த ஞாயிறு மாலை கைப்பேசி என் கைக்கு வந்தது. தேர்தல் முடிவும் வந்திருந்தது. பூகோளம், பதினொன்று. நான், எழுபத்தொன்று! நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். அந்த வாரத்துச் செய்திகளைப் பின்னோக்கிப் படித்தேன். எல்லாம் என் பெயரில்: ‘சார் முட்டிவலி எப்டி இருக்கு?’, ‘பேத்தி இன்டர்வியூ என்னாச்சு?’, ‘போன மாசம் உங்க லெட்டர திருத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க.’ ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு ரோஜாப்பூ. மொத்தம் நாற்பத்தாறு பிழைகள். எண்ணிக்கொண்டிருந்தபோதே ணங், ணங் என்று மணியடித்தது. அழைத்தவர் பூகோளம்.

“வாழ்த்துகள் சார்! என் ஓட்டும் உங்களுக்குத்தான்.”

“நன்றி ஐயா! தோற்றவரே வாக்களித்த வெற்றி இது!”

“எல்லார் சார்பாவும் ஒரே ஒரு வேண்டுகோள் சார்.”

“ஆணையிடுங்கள்!”

“தலைவரா நீங்களே இருங்க. போன் மட்டும் அம்மாகிட்டயே இருக்கட்டும்.”