முப்பத்தேழு ‘வேண்டாம்’களைத் தேடிப் போனவர்

ஜொகூர் மாநிலத்தில் பொருளை விற்பதற்காக வீடு வீடாகப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். ‘உங்கள் பொருள் வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி வீடு வீடாகப் போன ஒரே மனிதர் எங்கள் போத்தல் அண்ணன்தான். இனி அப்படி ஒருவர் பிறப்பார் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

போத்தல் என்றதும் யாரும் தப்பாக நினைக்கவேண்டாம். அண்ணன் கல்யாண வீட்டில் கொடுக்கும் ஆரஞ்சுத் தண்ணியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில், என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பள்ளிக்கூட வேன் ஓட்டுவது தொழில். சண்டை மீன் வளர்ப்பது பைத்தியம். இந்த மீனில் இரண்டு ஆண்களை ஒரே தண்ணீரில் விட்டால் அடித்துக்கொண்டு சாகும். அதனால் ஆளுக்கு ஒரு போத்தல். ஒன்றையொன்று பார்த்து முறைக்காமல் இருக்க நடுவில் அட்டை. வீட்டின் பின்னறையில் சுவரே தெரியாத அளவுக்கு அடுக்கி வைத்திருந்தார். அறைக்குக் கதவு, ஜன்னல், காத்தாடி எல்லாம் இருந்தன. உள்ளே போகத்தான் வழியில்லை.

வளர்ந்த மீன்களை இணையக் குழுவில் விற்பார். அவர் படம் போட்டதும் பிடித்தவர் கீழே ‘புக்’ என்று எழுதவேண்டும். சனிக்கிழமை காலையில் அண்ணன் மீனைப் பையில் அடைத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்தில் நிற்பார். புக் பண்ணியவர் வந்து வாங்கிப் போகவேண்டும். ‘புக்’ என்று எழுத ஒரு விநாடி போதும். வீட்டை விட்டுக் கிளம்பத்தான் பலருக்குக் கால் வருவதில்லை. “ஆன் தி வே அங்கிள்” என்று செய்தி வரும். அந்த வழி எவ்வளவு நீளம் என்று இதுவரை எவரும் அளந்ததில்லை. இரண்டு மணி நேரம் காத்துவிட்டு அண்ணன் ஒரு செய்தி அனுப்புவார். இரண்டு நீல டிக் விழும். அதோடு சரி.

மற்ற விற்பனைக்காரர்கள் இந்த இடத்தில் ஆளின் பெயரைக் குழுவில் போட்டு நாறடித்துவிட்டு, மீனை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். அண்ணன் இரண்டையும் செய்யமாட்டார். மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து பழையபடி போத்தலில் விட்டு, புக் பண்ணியவரின் பெயரை அதன் மேல் மார்க்கரால் எழுதுவார். பெயருக்குக் கீழே, அவர் வராததற்கான காரணம். ‘ஜேசன் - பூனை.’ ‘ஹரி - பாலத்தில் ஜாம்.’ ‘சரவணன் - மாமா காலமானார்.’ இந்தச் சரவணனுக்கு இரண்டு போத்தல்கள். நான்கு மாத இடைவெளியில் அதே மாமா இரண்டு முறை காலமானார். அண்ணன் இரண்டு முறையும் அனுதாபம் தெரிவித்துச் செய்தி அனுப்பினார்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. தினமும் காலை ஆறே முக்காலுக்கு, வேனைக் கிளப்புவதற்கு முன், அவரவர் மீனைப் படம் பிடித்து அவரவருக்கு அனுப்புவார். “உங்க மீன் நல்லா இருக்கு. இன்னைக்கு ஆறு புழு சாப்பிட்டுச்சு” என்று கூடவே ஒரு வரி. சிலர் இதைக் குத்தல் என்று நினைத்தார்கள், சிலர் மிரட்டல் என்று நினைத்தார்கள். அண்ணனைத் தடை செய்தவர்கள் ஒன்பது பேர். தடை செய்தது மறுத்தது ஆகாது என்பது அண்ணனின் கட்சி.

ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். இவர்கள் மேல் கோபம் வரவில்லையா, மீன்களை வேறு யாருக்காவது விற்றுத் தொலைத்தால்தான் என்ன என்று.

“தம்பி, நான் வேன்காரன்” என்றார். “வாசல்ல ரெண்டு ஹாரன் அடிப்பேன். பிள்ள வரலன்னா, வீட்ல இருந்து ஒரு ஆள் வெளிய வந்து ‘இன்னைக்கு வரல’ன்னு சொல்லணும். சொல்லாம நான் வண்டிய எடுத்தா, பிள்ளய விட்டுட்டுப் போனதா ஆயிரும். இதுவும் அப்படித்தான் லா. வேணாம்னு ஒரு வார்த்த வரட்டும், வேற ஆளுக்குக் குடுத்துர்றேன். அதுவரைக்கும் அது அவங்க மீனு.”

“அந்த ஒரு வார்த்தைய ஏன்ணே யாரும் சொல்ல மாட்றாங்க?”

“அதான் தம்பி எனக்கும் தெரியல. தெரிஞ்சிக்கணும்னுதான் எழுதி எழுதி வைக்கிறேன்.”

இப்படிப் பெயர் எழுதிய போத்தல்கள் முப்பத்தேழு சேர்ந்திருந்த நேரத்தில்தான் அமுதா அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, வாயைத் திறந்தார். மகள் செல்விக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது. மருமகனோடு சிங்கப்பூரில் இருந்தாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. வீட்டில் மிச்சம் இருந்த ஒரே அறை பின்னறை.

“புள்ள அடுத்த மாசம் வருது” என்றார் அக்கா. “ரூம் காலியா இருந்தா இங்க வரும். இல்லாட்டி நான் சிங்கப்பூர் போயி அவகூட இருந்துக்கிறேன். நீங்க உங்க முப்பத்தேழு பேரோட இங்க இருங்க.”

அண்ணன் வழக்கம்போல “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமில்லை. தொட்டில் மாட்டுவதற்கான கொக்கியை, செல்வி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே வாங்கி, பின்னறை உத்திரத்தில் அடித்து வைத்திருந்த மனிதர் அவர். அந்தத் தொட்டிலைத் தாம்தான் ஆட்டவேண்டும் என்பது அவருக்கு ஒரே ஆசை. சொந்த மீன்களை விற்று இடத்தைக் காலி செய்துவிடலாம். ஆனால் அடுத்தவர் மீனை எப்படி விற்பது?

இந்த இடத்தில் குற்றவாளி நான்தான். விளையாட்டாக, “அப்ப நேர்லயே போயி வேணாம்னு சொல்லச் சொல்லிக் கேட்டுருங்கண்ணே” என்று சொல்லிவைத்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வாசலில் இரண்டு ஹாரன் கேட்டது.

வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். முப்பத்தேழு போத்தல்களும் பிள்ளைகள் உட்காரும் இருக்கைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வார் இருந்த இருக்கைகளில் வாரும் போட்டிருந்தது. முன் இருக்கையில் ஒரு நீல மீன். நான் பின்னால், சரவணனின் இரண்டு மாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். தடை செய்த ஒன்பது பேரை என் கைப்பேசியிலிருந்து அழைத்து முகவரி வாங்கியது தனிக்கதை.

முதலில் ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய். எங்களைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, உட்காரவைத்து, தே தாரேக் தேநீரும் ரொட்டியும் வரவழைத்தார். கடை விஷயம், மகன் படிப்பு, முட்டி வலி எல்லாம் பேசினார். மீன் பக்கம் மட்டும் பேச்சு திரும்பவில்லை. கடைசியில் அண்ணனே, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நாங்கள் கிளம்பிவிடுவோம் என்றார். பாய் பதறிப்போனார். “தேடி வந்த ஆளுகிட்ட எப்படிங்க அப்படிச் சொல்றது?” என்று கேட்டபடி போத்தலை வாங்கிக் கல்லா மேலேயே வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேண்டாத மீனை வாங்கிக்கொண்ட ஒரு மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று மாலைக்குள் இன்னும் ஐந்து பேரைப் பார்த்தேன்.

அடுத்தது இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு சீன அம்மா. அண்ணன் வாயைத் திறக்குமுன்பே, “டோன் வான் லா அங்கிள், சோரி ஆ” என்று சொல்லிவிட்டு ஆணி நிறுக்கப் போய்விட்டார். நாங்கள் தேடி வந்த வார்த்தை அரை நொடியில் கிடைத்துவிட்டது. அண்ணன் வேனுக்குத் திரும்பி அந்தப் போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இவ்ளோ சுலுவா வருமா தம்பி?” என்று கேட்டார். பிறகு மனம் கேட்காமல் மறுபடி உள்ளே போய்க் காரணம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். ‘நிறம் பிடிக்கவில்லை’ என்பது காரணம். இத்தனை நாளில் அவருக்குக் கிடைத்த முதல் உண்மையான காரணம் இதுதான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாசாயில் ஒரு வீட்டில் மனைவிதான் வெளியே வந்தார். எந்த மீன் என்று கேட்டார். அண்ணன் வெள்ளந்தியாக, உங்கள் வீட்டுக்காரர் புக் பண்ணிய ஐந்து மீன் என்றார். ஐந்தா என்று கேட்டுவிட்டு அந்த அம்மா ஐந்துமே வேண்டாம் என்றார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. புக் பண்ணியவர் வாயால் வரவேண்டும் என்று நின்றார். கணவர் கூட்டிவரப்பட்டார். பின்னால் மனைவி நிற்க, ஒவ்வொரு போத்தலாகப் பார்த்து ஐந்து முறை வேண்டாம் என்றார். ஐந்தாவது முறை குரல் கம்மிவிட்டது. கிளம்பும்போது அண்ணன் அவரிடம் குனிந்து, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

இப்படியே நான்கு சனிக்கிழமைகள் அலைந்தோம். பாதிப் பேர் வெட்கப்பட்டு வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பேரிடமிருந்து ஒருவழியாக அந்த வார்த்தை வந்தது. வந்த சில நாளிலேயே அந்த மீன்கள் வேறு ஆட்களுக்குப் போயின. சரவணன் மட்டும் எங்களைப் பார்த்ததும், “மாமா நல்லா இருக்காருண்ணே” என்று தானாகவே சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கடைசியில் மிஞ்சியது முன் இருக்கை நீல மீன். அதன் போத்தலில் இருந்த பெயர் ‘குமரன், பண்டார் தெங்காரா.’ கீழே காரணம் எழுதவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பதினான்கு மாதமாக அந்த ஆள் எந்தச் சாக்கும் சொன்னதில்லை, தடை செய்ததும் இல்லை. தினமும் படம் போனதும் ஒரு கட்டைவிரல் மட்டும் திரும்பி வரும். அண்ணனுக்கு அவன்மேல்தான் ஆர்வம் அதிகம். செல்வி திங்கட்கிழமை வருவதாக இருந்தது. நாங்கள் கிளம்பியது அதற்கு முந்திய சனிக்கிழமை.

இரண்டு பக்கமும் செம்பனை மரங்களாகவே போய்க்கொண்டிருந்த சாலையில், ஓர் ஆலையின் தொழிலாளர் விடுதி முன்னால் வேனை நிறுத்தினோம். குமரனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வேலை முடிந்த சீருடையோடு இறங்கி வந்தான். எங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முன் கதவுக்குப் போய், போத்தலுக்கு நேராகக் குந்தி உட்கார்ந்தான்.

“நேர்ல இன்னும் நல்லா இருக்குண்ணே” என்றான்.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். மகள் வருகிறாள், அறை வேண்டும், எடுத்துக்கொண்டாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, கோபமே கிடையாது. அவன் மேலே விடுதியைக் காட்டினான். ஒரு அறையில் ஆறு பேராம், எந்தப் பிராணியும் வளர்க்கக் கூடாதாம். புக் பண்ணியபோது அது நினைவில் இல்லையாம்.

“அப்ப வேணாம்னு சொல்லியிருக்கலாமேப்பா” என்றேன் நான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னான். “சொன்னா மறுநாள்ல இருந்து போட்டோ வராதேண்ணே. ராத்திரி வேல முடிஞ்சு வந்து ஃபோன தொறந்தா, அது ஒன்னுதான் இருக்கும். எனக்குன்னு காலையில மெசேஜ் அனுப்புற ஆளு வேற யாரும் இல்லண்ணே.”

 அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குமரன் தோளில் கையை வைத்து, பசியாறினாயா என்று கேட்டார். அந்த வார்த்தையை அண்ணன் கடைசிவரை அவனிடமிருந்து வாங்கவில்லை. போத்தலுக்கு மறுபடி வாரைப் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.  

வீட்டில் அண்ணன் அக்காவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். எல்லோருடையதும் போய்விட்டது, இந்த ஒன்று மட்டும் அறையின் மூலையில் இருக்கட்டுமா என்று கேட்டார்.

“ரூம்ல வேணாம்” என்றார் அக்கா. இரும்புக் கடை அம்மாவை விட்டால், நான்கு வாரமாக நாங்கள் கேட்டதில் இதைப்போல் தெளிவான வேண்டாம் ஒன்றுகூட இல்லை. அண்ணன் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அக்கா அவரிடமிருந்து அதை வாங்கி, அடுப்படி ஜன்னலில் இருந்த துளசித் தொட்டியை நகர்த்திவிட்டு அங்கே வைத்தார். “வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு, போட்டோ புடிக்க” என்றார்.

திங்கட்கிழமை செல்வி வந்தாள். நாள் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. கொக்கியில் தொட்டில் ஆடுகிறது, ஆட்டுவது யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பண்டார் தெங்காராவுக்குப் படம் போகிறது, கட்டைவிரல் வருகிறது.

அதற்குப் பிறகு நானும் ஒரு காரியம் செய்தேன். குழுவில் அண்ணன் போட்ட ஒரு சிவப்பு மீனுக்குக் கீழே ‘புக்’ என்று எழுதினேன். எழுதிவிட்டுப் போகவில்லை. இரண்டு வீடு தள்ளி இருந்துகொண்டு, வர்றேண்ணே, வர்றேண்ணே என்று மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். அடுப்படி ஜன்னலில் இப்போது என் பெயரிலும் ஒரு போத்தல் இருக்கிறது. எனக்கும் தினமும் காலை ஆறே முக்காலுக்கு என் மீனின் சாப்பாட்டுக் கணக்கு வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை வரவில்லை. ஏழு மணி வரை பொறுத்தேன். ஏழே காலுக்கு அழைத்தேன். மணி அடிக்கவே இல்லை. கட்டியிருந்த கைலியோடு ஓடிப்போய் அவர் வீட்டு இரும்புக் கதவை ஆட்டினேன். அண்ணனே வந்து திறந்தார். வேனை எடுக்க நேரமாகிவிட்ட அவசரத்தில் இருந்தார். கைப்பேசியை மீன் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டாராம். என் கோலத்தைப் பார்த்து, “என்ன தம்பி, ஒருவழியா மீன எடுக்க வந்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே” என்றேன். “நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்.”