பத்தாயிரம் அடி நடந்த காரியாலயம்

இருதய நோயை வேரோடு ஒழித்த முதல் காரியாலயம் உலகில் எங்கே உள்ளது என்று எவராவது கேட்டால், தயங்காமல் ஓர்ஸ் ஹில் குன்றின் மேல் என்று சொல்லுங்கள். அந்தச் சாதனையை நிகழ்த்திய ‘இதய நலக் குழு’வின் செயலாளர் அடியேன்தான்.

எல்லாம் ஒரு சொற்பொழிவில் தொடங்கியது. இரத்த நாடிகளுக்குள் கொழுப்புப் படிந்து குழாய் ஒடுங்கிவிடும். ஏற்றத்தில் நடக்கையில் இதயம் கூடுதல் இரத்தம் கேட்கும். ஒடுங்கிய குழாயால் கொடுக்க முடியாது. நெஞ்சு இறுகும் என்று வைத்தியர் பிரசாந்தினி விளக்கினார்.

“இருதய வருத்தம் உள்ள ஆக்களும் நடக்க வேணும். ஆனா டொக்டரிட்டக் காட்டிப்போட்டு, மெல்ல மெல்லக் கூட்ட வேணும். நெஞ்சு இறுகினா உடன நிக்க வேணும்.”

கூட்டக் குறிப்பில் ‘நடக்க வேண்டும்’ என்பது வரை எழுதினேன். அதற்குள் தேநீரோடு தின்னப் பற்றிஸ் வந்துவிட்டது.

ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்று பணிப்பாளர் சோமசேகரம் ஐயா ஒரு நடைப் போட்டியை அறிவித்தார். அடிகளைக் கைபேசி எண்ணும். ஆனால் உத்தியோகத்தர் கதிரையை விட்டு எழுந்தால் ‘மக்கள் சேவை’ பாதிக்கப்படுமே! ஆகவே பன்னிரண்டு கைபேசிகளைத் துணிப்பையில் இட்டு, ஐம்பத்தெட்டு வயதான பியோன் தம்பிராசாவின் தோளில் மாட்டினோம். அவர் உள்துறைமுகக் கரைவரை இறங்கி ஏறுவார், மறுபடி இறங்குவார். கைபேசி தர மறுத்தவர் எழுதுவினைஞர் ஜுமானா மட்டுமே. உடல்நலத்தில் அக்கறையற்றவர்.

முதல் வாரம் பன்னிரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை நடந்திருந்தோம். இத்தகைய ஒற்றுமை வேறெங்கே உண்டு? இரண்டாம் வாரம் எண்ணிக்கை சரிந்தது. ஐயா தம்பிராசாவை அழைத்தார்.

“என்ன தம்பிராசா, நேற்று நான் ஏழாயிரம்தான் நடந்திருக்கிறன்? உம்மால எனக்குச் சுகர் கூடப்போகுது.”

“ஏத்தத்தில நெஞ்சு இறுக்குது ஐயா. இடது கையும் உளையுது. நிண்டா விட்டிடுது. அதான் நிண்டு நிண்டு வாறனான்.”

“நீர் நிண்டா நாங்களெல்லோ நிக்கிறம்!”

ஜுமானா எழுந்தார். “டொக்டர் இதைத்தானே சொன்னவ? ஆளைக் கிளினிக்குக்கு அனுப்புங்கோ ஐயா.”

நான் குறிப்பைப் புரட்டினேன். “அப்பிடி ஒண்டும் பதிவில இல்லை, பிள்ளை.”

ஐயா இளகிய மனத்தவர். “போகலாம், ஆர் வேண்டாமெண்டது? போட்டி வெள்ளிக்கிழமை முடியுதுதானே. திங்கள் போகட்டும்.”

வியாழக்கிழமை, ஏற்றத்தின் நடுவில், தம்பிராசா விழுந்தார். செய்தி கேட்டதும் பன்னிரண்டு பேரும் ஓடினோம். கைபேசிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிராசாவை ஜுமானா முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அடைபட்ட நாடியில் சிறு வலைக்குழாய் வைத்து, ஆளைக் காப்பாற்றிவிட்டார்களாம்.

காரணத்தை ஆராயக் குழு கூடியது. போட்டிப் பதிவேட்டின்படி, தம்பிராசாவின் பெயரில் ஓர் அடிகூடப் பதிவாகியிருக்கவில்லை.

“நடந்தவரே அவர்தானே!” என்றார் ஜுமானா.

“ஆதாரம்?” என்று கேட்டேன்.

“உங்கட போன்.”

“அது என்ர போன், பிள்ளை. அதில இருக்கிறது என்ர நடை.”

ஆகவே ‘உடற்பயிற்சியின்மையே நோய்க்குக் காரணம்’ என்று அறிக்கை எழுதினேன். பன்னிரண்டு பேரும் ஒருமனதாகக் கையொப்பமிட்டோம். ஒருவர் கைகூட நடுங்கவில்லை. எல்லாருக்கும் அவ்வளவு நல்ல இரத்தோட்டம்.