பிறத்தியார் தோளுக்கு ஒரு காவலர்

பிறருடைய வலியை எடை போட்டு, ‘இது தேறாது’ என்று தள்ளிவிடுகிற ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவில் இல்லையா? நன்றாகத் தேடுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எங்கள் சிற்றூரில் அவர் பெயர் வென்டல். மரக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர், பொழுது போகாதவர்.

ஊரில் முடி திருத்துகிற லொரைன் போன அக்டோபரில் ஃபுளு தடுப்பூசி போட்டுக்கொண்டாள். மருந்துக்கடையில் ஊசியைத் தோளின் உச்சியில் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து கை எழும்பவில்லை; அவளுடைய முடிதிருத்தும் கடையும் பாதி நாள் பூட்டுதான். தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் தரும் நட்டஈடு கேட்டு மனுப் போட்டாள். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சி சொன்னால் நல்லது என்றார் வக்கீல்.

அவ்வளவுதான், வென்டலுக்கு வேலை கிடைத்துவிட்டது. தபால் நிலையத்தில் அவள் கையசைத்தால் பார்ப்பார், சர்ச் விருந்தில் தட்டைத் தூக்கினால் பார்ப்பார், கார்மேல் கிடக்கும் பனியை அவள் தள்ளினால் ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் பார்ப்பார். பார்த்ததையெல்லாம் ஊருக்கு விநியோகம் செய்வார்.

“ஊசின்னா வலிக்கத்தான் செய்யும். நானுந்தான் போட்டுக்கிட்டேன், மறுநாளே விறகு பிளந்தேன்!”

வெட்டிவிட ஆளில்லாமல் தம் பிடரி முடி காலருக்குள் புகுந்துகொண்டிருந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை. விளைவு? சாட்சி சொல்ல வந்த இருவரும் நழுவிவிட்டார்கள்.

மார்ச்சில் ஊர்க்கூட்டம். பனி தள்ளும் லாரி வாங்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். லொரைன் தூக்கினாள். வென்டல் துள்ளி எழுந்தார்.

“பாத்தீங்களா! காதுக்கு மேல போகுது! இதுக்கா நட்டஈடு?”

“பெரியவரே, ஊசி போட்டது இடது தோள்ல. இது வலது கை” என்றாள் லொரைன்.

குளிர்காலம் முழுக்க மனிதர் நல்ல கைக்குக் காவல் காத்திருக்கிறார்! வெட்கப்பட்டாரா? அந்த இனத்துக்கு அது வழக்கமில்லை.

“அதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னம்மா?”

“ஊரெல்லாம் பேசினீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

நழுவிய இருவரும் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு இன்னும் சாட்சி கிடைக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அவள் கை எழும்புகிறதா என்று இவ்வளவு நேரம் நீங்களும்தான் என்னோடு சேர்ந்து எட்டிப் பார்த்தீர்கள். எந்தக் கை என்று கேட்டீர்களா?